தபால் முத்திரையும் நம் கடமையும்

பொழுதுபோக்கு என்று ஒன்றுக்குப் பெயரிட்டுவிட்டால், அதனை அறத்தின்முன் நிறுத்தி வினவ வேண்டுவதில்லை என்று பலரும் கருதுகின்றனர். சூதாட்டத்தைக் கண்டிப்போர் உண்டு. கள்ளுக்கடையைக் கண்டிப்போர் உண்டு. ஆயின், பழைய தபால் உறைகளைத் தேடிப் பிடித்து, அவற்றின்மீது விழுந்த முத்திரைகளை நாடுவாரியாகவும் ஆண்டுவாரியாகவும் அடுக்கி வைக்கும் ஒருவரை நோக்கி, “ஐயா, தாங்கள் செய்வது நியாயந்தானா?” என்று கேட்டால், கேட்டவருக்கே ஏதோ மனக்கோளாறு என்றுதான் உலகம் சொல்லும். காகிதத் துண்டைச் சேர்ப்பதால் யாருக்கு என்ன தீங்கு? இக்கேள்வி வெளிப்பார்வைக்கு எளியது. உள்ளே புகுந்து பார்க்கின் அத்துணை எளியதன்று. அதற்கு விடை தேடக் கடமைப்பட்டோருள், போர்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நாமும் அடங்குவோம் என்பது நம் துணிபு.

முதற்கண், தபால் முத்திரை என்பது யாது? தபால் தலை வேறு, முத்திரை வேறு. தலை என்பது கூலி கொடுத்தாயிற்று என்பதற்கு அரசாங்கம் விற்கும் சீட்டு. முத்திரையோ, இந்தக் கடிதம் இந்த ஊரில் இந்த நாளில் எம் கைக்கு வந்தது என்று தபால் நிலையம் இடும் ஒப்புகை. தலையைக் காட்டிலும் முத்திரையே மூத்தது. 1661-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் தபால் தலைவராயிருந்த ஹென்றி பிஷப் என்பவர் ஒரு சிறு வட்ட முத்திரையை வழக்கத்திற்குக் கொண்டுவந்தார். வட்டத்தின் ஒரு பாதியில் மாதத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்துக்கள், மறுபாதியில் நாள், அவ்வளவே. கடிதங்களைத் தபால்காரர் தம் வசமே தாமதப்படுத்தி வைத்துக்கொள்கின்றனர் என்ற குறை அந்நாளில் எழுந்தது. கடிதம் வந்த நாள் அதன் முதுகிலேயே பதிந்திருக்குமாயின் எவரும் அதனைத் தேக்கி வைக்கத் துணியார் என்பதே பிஷப்பின் எண்ணம். ஆகவே, முத்திரை பிறந்தது அலங்காரத்திற்காக அன்று. கடிதத்திற்குக் காத்திருக்கும் எளியவன் பக்கம் நின்று சாட்சி சொல்லவே அது பிறந்தது. வாசகர் இதனை மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். நம் முடிவு இதன்மேலேயே நிற்கும்.

1840-ஆம் ஆண்டு மே மாதத்தில் ரோலண்டு ஹில்லின் சீர்திருத்தத்தால் உலகின் முதல் ஒட்டுந் தலை வெளிவந்தது. அதற்கு முன்னர் இங்கிலாந்தில், தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் கணக்கிட்டுக் கூலி விதித்தனர். அக்கூலியையும் பெரும்பாலும் கடிதம் பெறுபவரே கொடுக்க நேர்ந்தது. பணமில்லாத தாய் மகனின் கடிதத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பவேண்டிய நிலை அது. ஒரு பென்னிக்கு நாட்டின் எம்மூலைக்கும் கடிதம் போகும் என்று ஆனபின்னர், செல்வனுக்கும் ஏழைக்கும் ஒரே கூலி என்ற சமநீதி அத்துறையில் வந்தது. இந்தியாவில் 1854-ஆம் ஆண்டில், கால் தோலா எடையுள்ள கடிதம் எவ்வளவு தூரம் போயினும் அரையணா என்று விதித்தனர். கோயிலுக்குள்ளும் குளத்தங்கரையிலும் மனிதருக்கு மனிதர் ஏற்றத்தாழ்வு பேசிய ஒரு நாட்டில், அக்கிரகாரத்துக் கடிதத்திற்கும் சேரிக் கடிதத்திற்கும் ஒரே கூலி என்றும், இரண்டின்மீதும் விழுவது ஒரே முத்திரை என்றும் ஆனது சிறு செய்தியன்று.

இனி நம் பகுதிக்கு வருவோம். மலாயாவின் தபால் வரலாறும் நம் மக்களின் வரலாறும் தொடக்கத்திலிருந்தே பின்னிக் கிடக்கின்றன. 1854 முதல் 1867 வரை சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய மூன்றிடங்களிலும் இந்தியத் தபால் தலைகளே வழங்கின. சிங்கப்பூரில் இட்ட அழிப்பு முத்திரையில் ‘பி 172’ என்னும் எண் இருக்கும். அவ்வெண்ணைக் கண்டால் தொகுப்போர் இன்றும் மகிழ்கின்றனர். 1867-இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிருவாகத்திலிருந்து பிரிந்தன; பிரிந்த அவ்வாண்டில், இந்தியத் தலைகளின்மீதே கிரீடமும் சென்ட் கணக்கும் அச்சிட்டு விற்றனர். நம் நெகிரி செம்பிலானைச் சேர்ந்த சுங்கை ஊஜோங், 1878-ஆம் ஆண்டளவில் தன் பெயர் பொறித்த தலைகளை வழங்கத் தொடங்கியது. 1891-இல் புலி உருவந் தாங்கிய தலைகள் வந்தன. அதே 1891-இல் சிரம்பானுக்கும் போர்டிக்சனுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. ஈயமும், பின்னர் ரப்பரும் இத்துறைமுகத்தை நோக்கி வந்தன. அவற்றோடு கடிதப் பைகளும் போயின, வந்தன.

அப்பைகளுள் நம் மக்களின் கடிதங்களும் இருந்தன. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களிலே தங்கி, கப்பலேறிக் கடல் கடந்து, லுக்குட், சிலியாவ், ரந்தாவ் முதலிய பகுதிகளின் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் சிலரே. ஆயினும் கடிதம் எழுதாதவர் அரியர். விடுமுறை நாளில் லயத்துத் திண்ணையில் எழுத்தறிந்த ஒருவர் அமர்வார். மற்றவர் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். தஞ்சை மாவட்டத்து ஏதோவொரு சிற்றூரில் அக்கடிதம் போய்ச் சேர்ந்ததும், அங்கும் எழுத்தறிந்த ஒருவரைத் தேடிப் படிக்கச் சொல்வர். எழுதியவர் கை வேறு. படித்தவர் வாய் வேறு. நடுவில் அன்பு மட்டுமே உரியவருடையது. எழுதியவர் நாளிட மறந்திருக்கலாம். ஊர்ப்பெயரைத் தவறாக எழுதியிருக்கலாம். தவறாது ஊரையும் நாளையும் பதித்தது தபால் நிலையத்து முத்திரை ஒன்றே. தோட்டத்துப் பெரட்டுக் கணக்கில் ஓர் எண்ணாக நின்ற மனிதர், இந்நாளில் இவ்வூரில் உயிரோடிருந்தார், தம் வீட்டை நினைத்தார் என்பதற்கு அதனினும் நேர்மையான சாட்சி எங்கே உளது?

பெரியோருக்குச் சாட்சிகள் பல உண்டு. அவர்களுக்குப் படங்கள் உண்டு, கல்வெட்டுக்கள் உண்டு, தெருப்பெயர்கள் உண்டு. போர்டிக்சன் என்னும் ஊர்ப்பெயரே டிக்சன் என்ற காலனி அதிகாரி ஒருவரின் நினைவைத் தாங்கி நிற்கின்றது. அவ்வூருக்கு வந்த பாதையைப் போட்டவர்களுக்கும், அங்கு ஏற்றுமதியான ரப்பரைச் சீவியவர்களுக்கும் எஞ்சியிருப்பது என்ன? தகரப் பெட்டியின் அடியில் கிடக்கும் சில உறைகள், அவ்வளவே.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயா முழுவதும் ஜப்பானியர் கைக்குட்பட்டது. இந்தியாவுடன் தபால் தொடர்பு அறுந்தது; ஊரிலுள்ளோர் இருக்கின்றனரா, இறந்தனரா என்று அறியும் வழி மூடிற்று. நாட்டுக்குள் தபால் மீண்டும் நடந்தபொழுது, பழைய தலைகளின்மீது ஜப்பானிய இராணுவ நிருவாகத்தின் குறிகளைக் குத்தினர். பின்னர் ‘தாய் நிப்போன் 2602 மலாயா’ என்று அச்சிட்டனர். 1942 என்பது ஜப்பானியர் ஆண்டுக் கணக்கில் 2602 ஆயிற்று; 1943 என்பது 2603 ஆயிற்று. ஆண்டின் எண் மாறியது போலவே மக்களின் தலையெழுத்தும் மாறிற்று. 1942-43-இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாதையை அமைக்கத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். நல்ல கூலி என்று ஆசை காட்டி அழைக்கப்பட்டோர் உண்டு. வலிந்து பிடித்துச் செல்லப்பட்டோரும் உண்டு. காலராவும் மலேரியாவும் பசியும் அடியும் அவர்களுள் பெருந்தொகையினரைக் கொன்றன. 1945 செப்டம்பர் 9-ஆம் நாள் மோரிப், போர்டிக்சன் கடற்கரைகளில் பிரிட்டிஷ் இந்தியப் படைகள் இறங்கியபோது, இத்தோட்டங்களின் லயங்களில் கணவன் திரும்பாத மனைவியரும் தந்தை முகமறியாப் பிள்ளைகளும் இருந்தனர்.

இவ்விடத்தில் நம் சொந்தப் பிழையொன்றைச் சொல்லியாக வேண்டும். பிறரைக் கண்டிக்கப் புகுமுன் தம்மைக் கண்டித்துக்கொள்வதே முறை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன், நாம் பள்ளிச் சிறுவராயிருந்தபோது, தபால் தலை சேர்க்கும் பித்து நம்மைப் பிடித்திருந்தது. நம் லயத்துக்கு அடுத்த வரிசையில் குடியிருந்த ஓர் அம்மையாரிடம் பழைய உறை ஒன்று இருந்தது. ஜப்பானியர் காலத்தில், வேறொரு தோட்டத்திற்கு வேலை தேடிச் சென்ற அவருடைய கணவர் எழுதிய கடிதத்தின் உறை அது. அக்கடிதத்திற்குப் பின் அவரைச் சயாமுக்குக் கொண்டு போய்விட்டனர், அவர் திரும்பவில்லை. உள்ளிருந்த காகிதத்தைக் கறையான் அரித்துவிட்டது. உறை மட்டும் எஞ்சியிருந்தது. நாம் கேட்டோம். “வெறும் உறைதானே தம்பி, உனக்கு உதவுமானால் எடுத்துக்கொள்” என்று அந்த அம்மையார் கொடுத்தார். அக்கால வழக்கப்படி நாம் உறையைத் தண்ணீரில் ஊறவைத்துத் தலையை மட்டும் பிரித்தெடுத்து உலர்த்தி ஏட்டில் ஒட்டினோம். நனைந்த உறை அடுப்புக்குப் போயிற்று.

பல்லாண்டுகள் கழிந்தன. அம்மையார் காலமானார். தந்தை போனபோது கைக்குழந்தையாயிருந்த மகன், தாமே முதியவராகும் வயதில் ஒரு நாள் நம் வீட்டுக்கு வந்தார். தாய்க்கு நினைவு நாள் உண்டு, தந்தைக்கு இல்லை என்பது அவருக்கு உறுத்தலாயிருந்தது. “அப்பா கடைசியாக எந்த ஊரில் இருந்தார், எந்தத் தேதியில் எழுதினார் என்று அந்தச் சாப்பில் இருக்குமல்லவா தம்பி? அதையாவது பார்த்துக் குறித்துக்கொண்டு போகலாம் என்று வந்தேன்” என்றார். ஏட்டைத் திறந்தோம். முத்திரை எப்பொழுதும் தலையின்மீது பாதியும் உறையின்மீது பாதியுமாக விழுவது வழக்கம். தலையின்மீது விழுந்த பாதியில் 2603 என்னும் ஆண்டு தெளிவாயிருந்தது. ஊர்ப்பெயரும் மாதமும் நாளும் உறையின்மீது விழுந்திருந்தன. அவ்வுறையை நாமே எரித்துவிட்டோம். நடந்ததைச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. “ஆண்டாவது தெரிந்ததே, போதும்” என்றார். அவர் கோபித்திருப்பின் நமக்கு ஆறுதலாயிருந்திருக்கும். அத்தலையை அவரிடமே கொடுத்தனுப்பினோம். அது ஈடாகாது என்பதை இருவரும் அறிந்திருந்தோம்.

இந்நிகழ்ச்சியை நாம் சொன்னபோதெல்லாம் நண்பர்கள் நமக்குச் சார்பாக மூன்று வாதங்கள் கூறினர். அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது: “நீங்கள் எடுக்காவிடின் அவ்வுறையையும் கறையான் தின்றிருக்கும்.” இவ்வாதத்தில் உண்மை உண்டு. உலகெங்கும் தபால் வரலாற்றைக் காப்பாற்றியவர்களுள் பெரும்பாலோர் தனிப்பட்ட தொகுப்பாளர்களே. அரசாங்கங்கள் குப்பையென்று எறிந்ததை அவர்கள் பொறுக்கிக் காத்தனர். அவர்களை நாம் குறை கூறோம். ஆனால், வெள்ளத்தில் மிதந்துவந்த பெட்டியைக் கரை சேர்த்தவன், சேர்த்த காரணத்தாலேயே அதனை உடைத்து விறகாக்கும் உரிமை பெறுவானா? காத்தது நற்செயல், காத்ததைச் சிதைப்பது அந்நற்செயலின் பயனையே அழிப்பதாகும்.

இரண்டாவது: “உடையவரே மனமொப்பிக் கொடுத்தார், விலை கொடுத்து வாங்குவோரும் உண்டு. தம் பொருளைத் தாம் விரும்பியபடி செய்வதில் என்ன குற்றம்?” ஊருக்குப் பொதுவாய்ப் பயன்பட்ட கிணறு இருக்கும் நிலத்தை ஒருவர் வாங்குகிறார் என்று கொள்வோம். நிலம் அவருடையதே. அதற்காக அக்கிணற்றைத் தூர்த்து ஊராரைத் தாகத்தில் விடலாமா? சட்டம் இடங்கொடுக்கலாம், அறம் இடங்கொடாது. காகிதம் வாங்கியவருக்குச் சொந்தம். காகிதத்தின்மேல் உள்ள சாட்சியமோ, அச்சாட்சியத்தை நம்பியிருப்போர் யாவர்க்கும் பொது. காகிதத்தை விற்கலாம், சாட்சியத்தை அழிக்கும் உரிமையை விற்க எவருக்கும் அதிகாரமில்லை.

மூன்றாவது: “அம்மையாருக்கே அதன் அருமை தெரியவில்லை, சிறுவனாகிய உமக்கு எங்ஙனம் தெரியும்?” சிறுவரென்பதால் நம் குற்றம் குறையலாம். ஆனால் வயது வந்து, அறிந்து, விலை மதிப்பும் உணர்ந்த ஒருவர், அருமை தெரியாதவரிடமிருந்து அற்ப விலைக்கு வாங்கிப் போவாராயின் அதனை என்னென்பது? எழுத்தறியாதவனிடம் கைநாட்டு வாங்கிய கங்காணியின் கடன் கணக்கை நாம் அநியாயம் என்று பேசுகின்றோம். அறியாமையால் ஆதாயம் அடைவது என்ற அளவில் இரண்டும் ஓரினமே. அறிந்தவனுக்கு உரிமை மிகுதி என்பது பழைய உலகத்தின் கொள்கை. அறிந்தவனுக்குப் பொறுப்பு மிகுதி என்பதே சீர்திருத்தத்தின் கொள்கை.

இன்னொரு கேள்வியும் எழுகின்றது. தொகுப்போர் உலகில் விலை என்பது அருமையைப் பொறுத்தது. அருமையோ பலவேளை பேரழிவினால் விளைவது. 1937 மே 6-ஆம் நாள் ‘ஹிண்டன்பர்க்’ என்னும் ஆகாயக் கப்பல் அமெரிக்காவில் இறங்கும்போது தீப்பற்றி எரிந்தது. அதில் வந்த பதினேழாயிரத்திற்கு மேற்பட்ட கடிதங்களுள் எஞ்சியவை சில நூறே. கருகிய அவ்வுறைகளைப் பெருவிலைக்கு வாங்குகின்றனர். ஜெர்மனியின் நாஜிச் சிறைமுகாம்களிலிருந்து வந்த அட்டைகளையும் தொகுப்போர் உளர். பிறர் துன்பத்தை இங்ஙனம் ஏட்டில் ஒட்டி மகிழலாமா? நாம் சிந்தித்துக் கண்டது இதுவே: கிடைத்ததே என்று மகிழ்வது குற்றமன்று, ஏன் அரிதாயிற்று என்பதை மறந்து மகிழ்வதே குற்றம். விலையை மட்டும் சொல்லி உறையைக் காட்டுபவர் துன்பத்தை வியாபாரமாக்குகின்றார். அனுப்பியவர் யார், ஏன் அனுப்பினார், என்ன ஆனார் என்று சொல்லிக் காட்டுபவர் அவருக்குச் சாட்சியாகின்றார். பொருள் ஒன்றே, செயல் இரண்டு.

அதே சயாம் இரயில் பாதையில் வருந்திய வெள்ளைப் போர்க்கைதிகளுக்கு, வாக்கியங்கள் முன்கூட்டியே அச்சிடப்பட்ட சிறு அட்டைகளை ஜப்பானியர் எப்பொழுதோ ஒருமுறை கொடுத்தனர். நலமாயிருக்கிறேன் என்னும் பொய்யாயினும், அவ்வட்டை வீடு போய்ச் சேர்ந்தபோது உயிரோடிருக்கிறான் என்ற செய்தி கிடைத்தது. அவ்வட்டைகள் இன்று பல தொகுப்புக்களில் உள்ளன. அங்கு மாண்ட நம் தோட்டத் தொழிலாளி ஒருவர் அனுப்பிய அட்டையை நாம் பார்த்த எந்தத் தொகுப்பிலும் கண்டதில்லை. அதனால்தான், அவர்கள் புறப்படுமுன் எழுதிய ஒவ்வோர் உறையும் அத்துணைப் பெறுமதி வாய்ந்தது. அதற்குப் பின் அவர்கள் குரல் நமக்கு எட்டவில்லை.

எனவே, தொகுப்போர் மேற்கொள்ள வேண்டியவை இவையென்று கூறத் துணிகின்றோம். உறையிலிருந்து தலையைப் பிரித்தல் கூடாது; முத்திரையைக் கத்தரித்தல் கூடாது. முழு உறையே வரலாறு. தருபவரிடம் அதன் உண்மை மதிப்பைச் சொல்லிப் பெறுதல் வேண்டும். அனுப்பியவர், பெற்றவர், அவர்தம் உறவு ஆகியவற்றைக் கேட்டுத் தனித்தாளில் எழுதி உறையோடு வைத்தல் வேண்டும். உறையின் இருபுறத்தையும் படமெடுத்து அக்குடும்பத்தாருக்குக் கொடுத்தல் வேண்டும். உள்ளே கடிதம் இருப்பின் அது அவர்களுடையது. அவர்கள் இசைவின்றி அதனைப் படிப்பதும் அச்சிடுவதும் தகாது. முத்திரை ஊரறிய விழுந்தது. கடிதமோ ஒருவர் ஒருவரிடம் தனித்துச் சொன்னது.

இங்கே இக்கட்டான ஒன்றையும் தொட்டே ஆகவேண்டும். பழைய உறைகளின் முகவரிகளில் பெயரோடு சாதிப் பட்டம் இருக்கும். ‘இன்ன சேரி’ என்றும் எழுதப்பட்டிருக்கும். பிள்ளைகள் படித்து முன்னேறிய சில குடும்பத்தார், அவ்வெழுத்துக்களை மையால் மறைத்துவிட்டே உறையைக் கொடுக்க விரும்புகின்றனர். அவர்கள் கூச்சம் நமக்குப் புரிகின்றது. ஆயினும், வெட்கப்பட வேண்டியவர் அச்சேரியில் பிறந்தவரல்லர். மனிதரை அங்கே ஒதுக்கி வைத்தவரே. குற்றத்தின் தடயத்தைக் குற்றத்திற்கு இரையானவர் ஏன் அழிக்க வேண்டும்? மறைத்துவிட்டால் நாளை ஒருவர் எழுந்து, அப்படியொரு கொடுமையே நடக்கவில்லை என்று வாதிப்பார். ஆகையால் அழித்தல் வேண்டா. அதே வேளையில், உயிரோடிருப்போரின் குடும்பப் பெயரைச் சுட்டி அதனைக் காட்சிப் பொருளாக்குதலும் வேண்டா. உண்மையைக் காப்பது ஒன்று. மனிதரை நோகச்செய்வது மற்றொன்று. முன்னதைச் செய்யப் பின்னதைச் செய்தே ஆகவேண்டும் என்பதில்லை.

இவற்றையெல்லாம் செய்யக் காலம் மிகுதியாயில்லை. ரப்பர் மரங்கள் இருந்த இடங்களில் செம்பனை நிற்கின்றது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. லயங்கள் இடிபட்டபொழுது தகரப் பெட்டிகள் பழைய இரும்புக்குப் போயின. அவற்றின் அடியில் கிடந்த காகிதங்கள் தீக்குப் போயின. கைபேசியில் பேசும் இத்தலைமுறையினர் புதிதாகக் கடிதம் எழுதிச் சேர்க்கப் போவதில்லை. உள்ளது உள்ளதுதான், குறையுமே யன்றிக் கூடாது. தேர்த் திருவிழாவுக்கும் வாணவேடிக்கைக்கும் நிதி திரட்டத் தெரிந்த நம் சங்கங்கள், ஒரு தோட்டத்து மக்களின் பழைய உறைகளைப் படமெடுத்து வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கலாகாதா? தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களைத் தத்தம் பாட்டன் பாட்டியரிடம் அனுப்பி, வீட்டில் உள்ள உறையில் எந்த ஊர், எந்த நாள் என்று படித்துவரச் செய்யலாகாதா? வாய்ப்பாடு கற்பதனோடு வம்சமும் கற்றதாகும்.

காகிதம் சேர்ப்பதால் யாருக்கு என்ன தீங்கு என்று தொடக்கத்தில் கேட்டோம். கவனமின்றிச் சேர்ப்பின், ஒரு மகன் தன் தந்தையின் கடைசி ஊரை அறியாமற் போகும் அளவுக்குத் தீங்கு. கவனத்தோடு சேர்ப்பின், பெயரற்றுப் போனவரை ஒரு நாளோடும் ஓர் ஊரோடும் மீண்டும் சேர்த்து வைக்கும் அளவுக்கு நன்மை. பிஷப் தம் வட்ட முத்திரையைச் செய்தது கடிதம் உரியவரிடம் போய்ச் சேரவேண்டும் என்பதற்காக. ஆண்டுகள் பல கடந்தும் போய்ச் சேராத செய்தி ஏதேனும் நம் ஏடுகளில் இருக்குமாயின், அதனை உரியவரிடம் சேர்ப்பிக்கும் கடைசித் தபால்காரர் நாமே. அவரைக் காக்க வைத்தல் தகாது. வாசகர் இன்றே தத்தம் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பார்ப்பாராக.